ஞாயிற்றுக்கிழமைக் கிணறு

உங்கள் கிணற்றை நீங்கள் எந்தக் கிழமையில் எட்டிப் பார்ப்பீர்கள்?

கிணற்றுக்கு ஏது கிழமை என்று தோன்றலாம். கமலக்கண்ணனும் எட்டு வருடமாக அப்படித்தான் நினைத்திருந்தான்.

சின்னாளப்பட்டிக்காரன். திண்டுக்கல்லில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் அவனுக்கு வேலை. மழைக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்பது அவர்கள் எடுத்துக்கொண்ட திட்டம். அதற்காகச் சுற்றுவட்டாரத்தில் பதினோரு கிணறுகளை மாதம் ஒருமுறை அளக்க வேண்டும். நாடாவின் நுனியில் ஓர் ஈயக் குண்டு இருக்கும். உள்ளே இறக்கினால் தண்ணீரைத் தொடும்போது ‘பொளக்’ என்று சத்தம் வரும். அந்த இடத்தில் நாடாவைப் பிடித்து அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மோட்டார் ஓடும்போது மட்டும் அளக்கக் கூடாது. தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும், அளவு நிற்காது. மற்றப் பத்துக் கிணறுகளில் எப்போது போனாலும் யாராவது மோட்டார் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் அப்போதுதான் நிறுத்தியிருப்பார்கள். அகரத்துக்குத் தெற்கே அன்னாளின் கிணறு மட்டும் அப்படி இல்லை.

அது கூட்டுக் கிணறு. திங்கள், செவ்வாய், புதன் ஆவுடையப்பன் முறை. வியாழன், வெள்ளி, சனி அன்னாள் முறை. ஞாயிறு யார் முறையும் இல்லை. அன்னாளின் மாமனார் காலத்து ஏற்பாடு. அவர்கள் குடும்பத்தில் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்தால் அன்றைக்கு மண்வெட்டியைத் தொடமாட்டார்கள், மோட்டாரும் போடமாட்டார்கள். பக்கத்துக் காட்டு ஆவுடையப்பனுக்குக் கோயில் வேறு, ஆனாலும் அந்தப் பேச்சை அவர் ஒரு நாளும் மீறியதில்லை. வாயால் மட்டும் மீறுவார்.

“சாமி ஒங்க சாமி. லீவு மட்டும் ஏன் என் கத்தரிக்காய்க்கும் சேத்து?” என்பார்.

“ஒங்களுக்கும் ஒரு நா இடுப்பு நிமிரட்டுமேன்னுதாண்ணே,” என்பாள் அன்னாள்.

அதனால் கமலக்கண்ணனுக்கு அந்தக் கிணறு வசதியாக இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு காலை பஸ்ஸில் வந்து இறங்குவான். தண்ணீர் ஆடாமல் அசையாமல் நிற்கும். குண்டு தொட்ட சத்தம் தெளிவாகக் கேட்கும். அளவுகளை வரைபடமாகப் போட்டபோது பதினோரு கிணறுகளில் இந்தக் கிணற்றின் கோடுதான் பிசிறில்லாமல் வந்தது. மற்ற கோடுகள் கோழி கிளறின மாதிரி இருந்தன. ஆபீசில் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, அறிக்கையின் முதல் பக்கத்தில் அன்னாள் கிணற்றின் கோட்டைப் போடலாம் என்று முடிவு செய்திருந்தார்கள்.

அன்னாளின் கணவர் ஆண்டனிராஜ் மஸ்கட்டில் எலக்ட்ரீசியனாக இருந்தார். கிளம்புவதற்கு முந்தைய மழைக்காலத்தில் அறுபது தென்னங்கன்று வைத்துவிட்டுப் போனார். கிணற்றடியில் முப்பது, தார் ரோட்டை ஒட்டி முப்பது. தண்ணீர் பாய்ச்ச ரோட்டுப் பக்கம் தூரம்தான். இருந்தாலும் பிடிவாதமாக வைத்தார்.

“திரும்பி வாரப்ப பஸ்ஸை விட்டு எறங்குனதும் மொதல்ல அதுதான் கண்ணுல படணும்,” என்று சொல்லியிருந்தார்.

அது ஐந்து வருடத்துக்கு முன்னால். 2003ஆம் வருடம் ஒன்றிரண்டு மரங்களில் முதல் பாளை எட்டிப் பார்த்தது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்பதால், வாரம் தவறாமல் அன்றைக்கு ஆவுடையப்பன் வீட்டுப் போனுக்குக் கூப்பிடுவார். பாளை வந்த செய்தியைக் கேட்டதும் எந்தெந்த மரத்தில் என்று கேட்டுக்கொண்டார். பிறகு, “மரம் மட்டும் நின்னுருச்சுன்னா நான் மறுபடி இங்க காண்ட்ராக்டுல கையெழுத்துப் போட மாட்டேன் அன்னாளு. ஈஸ்டர் முடிஞ்சு வந்துர்றேன்,” என்றார்.

மரம் நிற்கத் தண்ணீர் வேண்டும். மூன்று வருடமாக மழை சரியில்லை. முன்னெல்லாம் கரண்ட் போகிறவரை ஓடிய மோட்டார் இப்போது ஒரு மணி நேரத்தில் தண்ணீர் தீர்ந்து காற்று வாங்கியது. அந்தத் தண்ணீரை அறுபது மரத்துக்கும் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் நாக்கு நனைகிற அளவுதான். முப்பதுக்கு மட்டும் விட்டால் அந்த முப்பதும் பிழைத்துவிடும். ஆவுடையப்பன் தன் கத்தரித் தோட்டத்தில் பாதியை ஆவணியிலேயே கைவிட்டிருந்தார்.

“பாதிய விடு தங்கச்சி,” என்றார் அவர். “எல்லாத்தையும் இழுத்துப் புடிச்சா எல்லாம் போயிரும்.”

“ஒங்களுக்குக் கத்தரி. காஞ்சாப் புடுங்கிப் போட்டு மறுக்கா நட்டுக்கலாம். நான் அஞ்சு வருசத்த எங்கிட்டுப் போயி நடுவேன்?”

“அதுஞ் சரிதான்,” என்று சொல்லிவிட்டு அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

நவம்பர் முதல் ஞாயிறு கமலக்கண்ணன் வந்தபோது ஐப்பசி மழை ஓரளவு பெய்து ஓய்ந்திருந்தது. அன்னாள் பூசைக்குக் கட்டின சேலையோடு வந்து நின்றாள்.

“மழை பேஞ்சுருச்சு. மோட்டாரு அதே ஒரு மணி நேரந்தான் தம்பி. பேஞ்ச தண்ணி எங்க போச்சு?”

அவன் பையிலிருந்து தாள்களை எடுத்து மோட்டார் ரூம் தரையில் விரித்தான். கிராஃப் தாளில் மழை இருந்தது, மாதத்துக்கு ஒரு பட்டை. டிரேசிங் பேப்பரில் கிணற்றின் கோடு இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தான். மழை உச்சியில் நின்ற மாதங்களில் கிணறு பள்ளத்தில் கிடந்தது.

“ரெண்டும் மொறச்சுக்கிட்டு நிக்கிது,” என்றார் ஆவுடையப்பன். “எங்க வீட்ல நானும் அவளும் மாதிரி.”

“செத்த இருங்கண்ணே.”

அவன் டிரேசிங் பேப்பரை இடப்பக்கமாக ஒரு கட்டம் நகர்த்தினான். ஒரு கட்டம் என்றால் ஒரு மாதம். பொருந்தவில்லை. இன்னொரு கட்டம். கொஞ்சம் நெருங்கியது. மூன்றாவது கட்டத்தில் மேடு மேட்டின் மேல் போய் உட்கார்ந்தது. ஏழு மழைக்கும் ஏழு மேடு.

“அட,” என்றார் ஆவுடையப்பன். தன்னை மறந்து குனிந்துவிட்டார்.

கமலக்கண்ணன் இன்னும் இரண்டு தாள்களைக் காட்டினான். இரண்டிலும் கோடு இல்லை, புள்ளிகள்தான். ஒவ்வொரு மாதத்து மழைக்கும் ஒரு புள்ளி. மழை கூடக்கூடப் புள்ளி வலப்பக்கம் போகும், தண்ணீர் கூடக்கூட மேலே போகும். முதல் தாளில் மழையையும் அதே மாதத்துத் தண்ணீரையும் சேர்த்திருந்தான். புள்ளிகள் தரையில் சிந்தின கேப்பை போலக் கிடந்தன. இரண்டாவது தாளில் மழையோடு மூன்று மாதம் கழித்து நின்ற தண்ணீரைச் சேர்த்திருந்தான். அதே புள்ளிகள் எறும்பு வரிசை மாதிரி சாய்வாக ஏறின.

“இன்னைக்குப் பேஞ்ச மழை மூணு மாசம் கழிச்சுத்தான் கெணத்துக்கு வருதுக்கா. மண்ணுக்குள்ள நடந்து வரணும்ல. ஐப்பசி மழை தைக் கடைசில வந்துரும்.”

“நெசமாவா?”

“இத்தன வருசமும் அப்படித்தான் வந்துருக்கு.”

அன்னாள் தரையில் உட்கார்ந்தாள். “இன்னொருக்கா நகத்திக் காட்டு தம்பி,” என்றாள். அவன் காட்டினான். தாள் வழுக்கிப் போய் மேடு மேட்டில் உட்காருவதை அவள் குனிந்து பார்த்தாள். பிறகு எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, “தை வரைக்கும் அறுபதையும் புடிச்சுக்கிறேன்,” என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை போனில் அதைச் சொன்னாள். பேப்பரில் போட்டே காட்டினார்கள் என்றும் சொன்னாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஆண்டனிராஜ், கம்பெனியில் சொல்லிவிட்டதாகவும் கையெழுத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருப்பதாகவும், தான் போடப்போவதில்லை என்றும் சொன்னார்.

டிசம்பர் முதல் ஞாயிறு கமலக்கண்ணனால் வர முடியவில்லை. திட்டம் முடிகிறது என்று மதுரையில் ஒரு கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். அங்கே டீயும் வடையும் கொடுத்து, இத்தனை வருடம் உழைத்தவர்களுக்கு நன்றி என்று சொல்லி அனுப்பினார்கள். சனிக்கிழமைக்குள் நாடாவை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். கடைசி அளவு ஒன்று பாக்கி இருந்தது. புதன்கிழமை அகரம் பஸ் ஏறினான். அடுத்த வேலை என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தான், இறங்கும்போது அதுவும் சலித்துவிட்டது.

இறங்கியதும் ரோட்டோரத் தென்னைகள் கண்ணில் பட்டன. அடிமட்டைகள் தொங்கிப் போயிருந்தன. ஒரு மரத்தில் பாளை விரியாமலே காய்ந்திருந்தது.

கிணற்றடியில் ஆவுடையப்பன் தொட்டித் திண்டில் உட்கார்ந்திருந்தார். மோட்டார் ஓடவில்லை.

“என்ன அளவுக்காரரே, கெழம மாறி வந்துருக்கீக?”

“ஞாயித்துக்கெழம மதுரையில பிடிச்சு வச்சுக்கிட்டாங்கண்ணே. இன்னைக்கு ஒங்க முறையில்ல? மோட்டாரு போடலையா?”

“போட்டேன், நின்னுருச்சு. காத்து வாங்கிருச்சு. வெஞ்சனத்துக்கு நாலு கத்தரிக்காய் தேறுனா அதிசயம். நீங்க அளங்க.”

நாடாவை இறக்கினான். வழக்கமாகச் சத்தம் கேட்கிற இடம் வந்தது. கேட்கவில்லை. குண்டு கழன்று விழுந்துவிட்டதோ என்று இழுத்துப் பார்த்தான், கனம் இருந்தது. மேலும் விட்டான். நாடா போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு சத்தம் வந்தது. ‘பொளக்’ என்று இல்லை, ‘சொத்’ என்று. மேலே இழுத்தான். குண்டு முழுக்கச் சேறு அப்பியிருந்தது.

“என்னண்ணே இது, சேறு?”

“பின்ன பாலா வரும்?”

“போன மாசம் நான் வந்தப்ப ரெண்டாள் ஆழம் தண்ணி நின்னுச்சேண்ணே.”

“ஞாயித்துக்கெழமதான வருவீக? ஞாயித்துக்கெழம நிக்கும். சனிக்கெழம வெள்ளன எந்தங்கச்சி மோட்டார நிறுத்திருவா. நான் திங்கக்கெழம போடற வரைக்கும் எவனும் தொடப் போறதில்ல. நாலு பக்கமும் கசிஞ்சு கசிஞ்சு ஏறிரும். ஞாயித்துக்கெழம எட்டிப் பாத்தா எனக்கே ஆசையாத்தான் இருக்கும். திங்கக்கெழம போட்டா ஒரு மணி நேரம். அம்புட்டுத்தான்.”

கமலக்கண்ணன் நாடாவைச் சுற்றவில்லை. சேற்றுக் கையோடு அப்படியே தொட்டித் திண்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஆவுடையப்பன் சொன்னதில் ரகசியம் ஒன்றுமில்லை. அவருக்குத் தெரியும், அன்னாளுக்குத் தெரியும், கேட்டிருந்தால் யாரும் சொல்லியிருப்பார்கள். அவன் கேட்டதில்லை. மோட்டார் ஓடாத கிணற்றைத்தான் அளக்க வேண்டும் என்பது விதி. அந்த விதிக்குப் பொருத்தமாக ஒரு கிணறு கிடைத்தது. வாரத்தில் ஆறு நாள் இறைக்கிற கிணற்றை ஏழாவது நாள் மட்டும் பார்த்துக் கோடு போட்டிருக்கிறான். ஓய்வாக விட்டால் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறி நிற்கும் என்பது அந்தக் கோட்டில் இருந்தது. மரத்துக்கு எவ்வளவு வரும் என்பது அதில் இல்லை. கோழி கிளறின மாதிரி இருக்கின்றன என்று ஒதுக்கிய பத்துக் கோடுகளில் ஒருவேளை அது இருந்திருக்கலாம்.

அன்னாள் வீட்டிலிருந்து வந்தாள். “தம்பி எப்ப வந்தீக? சாப்டீகளா?” என்று கேட்டவள், அவன் கையில் இருந்த சேற்றைப் பார்த்து நின்றாள்.

அவன் சொன்னான். சுற்றி வளைக்காமல் சொன்னான். முடித்ததும் அவள் கிணற்றை எட்டிப் பார்த்தாள்.

“நானும் ஞாயித்துக்கெழமதான் தம்பி பாப்பேன்,” என்றாள். “பூசை முடிஞ்சு வாரப்ப ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போவேன். தண்ணி நிக்கிறதப் பாத்தா அந்த வாரம் ஓடிரும்னு இருக்கும். வியாழக்கெழம மோட்டாரப் போட்டா மடைக்கு மடை ஓடணும். கெணத்தப் பாக்க நேரமேது?”

“தைக்கு வரும்னு சொன்னது…” என்று அவன் ஆரம்பித்தான்.

“வருமா, வராதா? அத மட்டும் சொல்லு.”

அவன் கையைத் துடைத்துவிட்டுப் பையிலிருந்து தாள்களை எடுத்து விரித்தான். “மோட்டாரு நிக்காம, கரண்டு போற வரைக்கும் ஓடுச்சுல்ல ஒரு காலத்துல. மழை முடிஞ்சு மொத மொத அப்படி ஓடுனது எந்தெந்த வருசம் எப்பன்னு ஞாபகம் இருக்காக்கா?”

“தேதியெல்லாம் யாருக்குத் தெரியும்?”

“தேதி வேணாம். பக்கத்துல என்ன நாளு வந்துச்சுன்னு சொன்னாப் போதும்.”

அன்னாள் யோசித்தாள். “எம்மக நான்சிக்குக் கோயில்ல புதுநன்மை குடுத்த வருசம் கிறிஸ்மசுக்கு ஓடுச்சு. அண்ணன் பிள்ளைகள்லாம் வந்து புதுத்துணியோட தொட்டிக்குள்ள எறங்கி ஆட்டம் போட்டுச்சுக. நான் அடிக்க வெரட்டுனேன்.”

அவன் வருடத்தைக் கேட்டுக்கொண்டு டிரேசிங் பேப்பரில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டான்.

“அவரு மஸ்கட்டுக்குப் போன வருசம் பொங்கலுக்கு. கெளம்புறதுக்கு முந்தி பம்புத் தண்ணில ஒருக்காக் குளிச்சுட்டுப் போறேன்னு காத்துக் கெடந்தாரு. பொங்கலன்னைக்குத்தான் குளிச்சாரு.”

இன்னொரு குறி.

“அப்பறம் விபூதிப் புதன், மாசியில,” என்றார் ஆவுடையப்பன். “அன்னைக்கு என் முறை. நீ கோயில்லருந்து நெத்தியில சாம்பலோட வந்து மொகம் கழுவுன. ‘இப்பத்தான பூசுனாக, அதுக்குள்ள கழுவிப்புட்டியே’ன்னு நாங்கூடக் கேலி பண்ணேன்.”

“ஆமா, அதுக்குப் பதில் சொன்னேன், மறந்துட்டீகளா?”

“அத ஏன் இப்ப?”

“அது எந்த வருசம்?” என்று கேட்டான் கமலக்கண்ணன்.

“அதுக்கு மறு வருசமில்ல, அடுத்தது. நான்சி அஞ்சாப்போ ஆறாப்போ படிச்சா.” அன்னாள் விரலை மடக்கிப் பார்த்து வருடத்தைச் சொன்னாள். “இந்த வருசம் பங்குனிக் கடைசில, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நா. சனிக்கெழம. குருத்தோலைக்குத் தென்னங்குருத்து வெட்டித் தாங்கன்னு கோயில்லருந்து கேட்டு வந்தாக. பிஞ்சு மரம், வெட்ட மாட்டேன்னேன். அவுக நிக்கிறப்ப மோட்டாரு ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. தண்ணிதான் இம்புட்டு ஓடுதே, ஒரு குருத்துக்கு என்னன்னு கேட்டாக.”

நான்கு குறிகள் ஆயின. கமலக்கண்ணன் தாளை மழையின் மேல் வைத்து நகர்த்தினான். முதல் குறி இரண்டாவது கட்டத்திலேயே மழை மேட்டில் உட்கார்ந்தது. மற்ற மூன்றும் தள்ளி நின்றன. மூன்று கட்டம் நகர்த்தினான். இரண்டாவது குறி உட்கார்ந்தது, முதல் குறி தாண்டிப் போனது. மூன்றாவது குறிக்கு நான்கு கட்டம் வேண்டியிருந்தது. கடைசிக் குறிக்கு ஐந்து போதவில்லை. தாளை எங்கே வைத்தாலும் ஒன்று உட்கார்ந்தால் மற்றவை நழுவின. அவன் இரண்டு மூன்று முறை முயன்று பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

“ஒரே நகத்தல்ல உக்கார மாட்டேங்குது,” என்றான். “வர வர லேட்டாகுது.”

“ஆகாம?” என்றார் ஆவுடையப்பன். “ஓடைக்கு அங்கிட்டு ரெண்டு போரு. கெழக்கத் தோப்புல மூணு. போன வருசம் போட்டது வேற. அம்புட்டுப் பேரும் குடிச்சு ஏப்பம் விட்டுத்தான் நம்மட்ட அனுப்புறாக. நாம கடைசிப் பந்தி அப்பு. சோறு வரும், கொழம்பு வராது.”

யாரும் சிரிக்கவில்லை.

“அப்ப இந்த ஐப்பசி மழை?” என்று கேட்டாள் அன்னாள்.

“மே மாசத்துக்கு மேலக்கா. அதுவும் வந்தாத்தான்.”

“ஈஸ்டருக்கு?”

“ஈஸ்டருக்கு வராது.”

அன்னாள் மோட்டார் ரூம் கதவில் சாய்ந்து நின்றாள். ரோட்டில் ஒரு பஸ் வந்து நின்று போனது. யாரும் இறங்கவில்லை. மே மாதம் வரை அறுபதும் தாங்காது என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

“எந்தப் பாதிய விடணும்னு நீயே சொல்லிரு தம்பி,” என்றாள். “நீதான சொன்ன தைக்கு வரும்னு. இதையும் நீயே சொல்லு.”

அவனுக்குச் சொல்ல மனம் வரவில்லை. சொல்லாமல் பஸ் ஏறவும் முடியாது என்று தோன்றியது. “ரோட்டுப் பக்கம் தூரங்க்கா,” என்றான். “போற வழியில வாய்க்காலே பாதித் தண்ணியக் குடிச்சுருது. கெணத்தடின்னா விட்டது மரத்துக்குச் சேரும்.”

“அது எனக்கும் தெரியும்.” ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு, “தெரிஞ்சுதான் கேட்டேன்,” என்றாள்.

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். “நாளன்னைக்கு வெள்ளிக்கெழம. போன் வரும். வேணும்னா நான் எடுத்து மாப்பிள்ளைட்ட சொல்லிர்றேன்.”

“நான் சொல்லிக்கிறேண்ணே. கையெழுத்துப் போட இன்னும் நாள் இருக்குன்னு சொன்னாரு. போட்டுக்கிறட்டும்.” குரலில் ஏற்ற இறக்கம் ஒன்றும் இல்லை. “முப்பது மரத்த நம்பி ஆள வரச் சொல்லவா முடியும்?”

கமலக்கண்ணன் குண்டைத் துடைத்தான். நாடாவைச் சுற்றிப் பையில் வைத்தான். தாள்களை மடிக்கும்போது அன்னாள் கேட்டாள்.

“ஆபீசுல சொல்லுவீகளா, தம்பி?”

“சொல்லுவேன். மொதப் பக்கத்துல இந்தக் கோட்டத்தான் போட்டுருக்காங்க. அச்சுக்குப் போயிருச்சும்பாங்க.”

“இருங்க. செத்த சோறு சாப்டுட்டுப் போங்க.”

“வேணாங்க்கா.”

“ரசமும் அப்பளமும்தான். வேற ஒண்ணுமில்ல. உக்காருங்க.”

மூன்று பேரும் கிணற்றடியிலேயே சாப்பிட்டார்கள். கிணற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆவுடையப்பன் மட்டும் ரசத்தில் புளி கூடிப்போச்சு என்றார். அன்னாள், நாளைக்கு ஒங்க வீட்டு ரசத்தைக் கொண்டாங்க என்றாள். மூன்றரை மணி பஸ்ஸில் கமலக்கண்ணன் ஏறினான். ரோட்டோரத் தென்னைகள் கண்ணில் படாத ஜன்னலாகப் பார்த்து உட்கார்ந்தான்.

மறுநாள் வியாழன், அன்னாள் முறை. காலையில் கரண்ட் வந்தது. ரோட்டுப் பக்க வாய்க்காலின் வாயை அவள் மண் போட்டு அடைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்தாள். மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் கிணற்றடி மரங்கள் முப்பதுக்கும் போனது. ஒரு மணி நேரத்தில் மோட்டார் காற்று வாங்கியது. நிறுத்தினாள்.